இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டதா? இழப்பீடு கேட்க வழி இருக்கிறது

நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் சின்ன ஊர்களில் ஒரு வகை விபத்து அடிக்கடி நடக்கும். உளுந்தூர்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை–திருச்சி சாலையிலிருந்து சேலம் சாலை பிரிகிற இடம். இரவு பகலாக லாரியும் ஆம்னி பஸ்ஸும் காரும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஊரில் எந்த வேலையும் இல்லை. இருட்டுகிற நேரத்தில் சைக்கிளில் போகிறவரையோ சாலையைக் கடக்கிறவரையோ ஒன்று இடித்துவிட்டுப் போனால், அக்கம்பக்கத்தார் ஓடிவந்து பார்ப்பதற்குள் அது மாவட்ட எல்லையைத் தாண்டியிருக்கும். நம்பரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் வீட்டில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "வண்டியே தெரியாதபோது யார் மேல் கேஸ் போடுவது?" அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-வது பிரிவு இந்த நிலைமைக்காகவே எழுதப்பட்டது. போதிய முயற்சி எடுத்தும் எந்த வண்டி என்று கண்டுபிடிக்க முடியாத விபத்தில், இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயம் பட்டவருக்கு 50 ஆயிரம் ரூபாயும் தர வேண்டும். இந்தத் தொகையும் இதற்கான திட்டமும் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. அதற்கு முன் பல வருடங்களாக இருந்த தொகை 25 ஆயிரமும் 12,500-ம்தான்.

ஒரு உயிருக்கு 2 லட்சம் என்பது போதாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் போதாத பணத்தைக்கூட யாரும் கேட்டு வாங்குவதில்லை என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

கணக்கைப் பாருங்கள். 2022-ல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம் (64,105). சாவு எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் (17,884). நாடு முழுக்க இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் மட்டும் 67,387. அவற்றில் இறந்தவர்கள் 30,486 பேர். அதாவது விபத்தில் ஏழில் ஒன்று, சாவில் ஆறில் ஒன்றுக்கும் மேல். அந்த ஆண்டின் மொத்தச் சாலைச் சாவுகளில் மூன்றில் இரண்டு பங்கு நகரங்களுக்கு வெளியே நடந்தவை. நேரம் என்று பார்த்தால் மாலை 6 முதல் 9 வரைதான் அதிக விபத்து. வெளிச்சம் குறைந்து, வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரம்.

சரி, இத்தனை பேரில் எத்தனை பேர் இந்த இழப்பீட்டுக்கு மனு கொடுத்தார்கள்? 2022–23 நிதியாண்டில் நாடு முழுக்க வந்த மனுக்கள் 205. ஆயிரம் விபத்துக்கு மூன்று மனு என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா விபத்துக்கும் இந்த இழப்பீடு பொருந்தாதுதான். சில வண்டிகள் பிறகு பிடிபட்டிருக்கும், சிலருக்குச் சிறு காயமாக இருந்திருக்கும். அதையெல்லாம் கழித்தாலும் இது வெட்கக்கேடான எண்.

இந்த எண்ணைச் சுட்டிக்காட்டியது உச்ச நீதிமன்றம். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்பு பற்றி 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கு இன்றும் இந்த விஷயத்தில் பல உத்தரவுகளுக்கு மூலம். அந்த வழக்கில் 2024 ஜனவரி 12 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, பங்கஜ் மித்தல் அமர்வு போட்ட உத்தரவு, பொறுப்பைப் பாதிக்கப்பட்டவர் தலையிலிருந்து எடுத்து அதிகாரிகள் தலையில் வைத்தது. அதை விவரமாகத் தெரிந்துகொண்டால் ஸ்டேஷனில் பேசுவதற்குத் தைரியம் வரும்.

வழக்குப் பதிவாகி ஒரு மாதத்துக்குள் முயன்றும் வண்டி விவரம் கிடைக்கவில்லை என்றால், இந்த இழப்பீடு கேட்கலாம் என்று ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி காயம்பட்டவருக்கோ இறந்தவரின் வாரிசுகளுக்கோ எழுத்து மூலம் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் போதாது. மனுவை யாரிடம் கொடுப்பது, அந்த அலுவலகத்தின் முகவரி, மின்னஞ்சல் எல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். விபத்து பற்றிய அறிக்கையை விசாரணை அதிகாரிக்கு (இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் வருவாய்த்துறை அதிகாரி; போலீஸ் அல்ல) அனுப்பும்போது பாதிக்கப்பட்டவர்களின் பெயரையும் போலீஸ் சேர்த்து அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு மாதத்தில் மனு வரவில்லை என்றால், விசாரணை அதிகாரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் சொல்லி, குடும்பத்தைத் தொடர்பு கொண்டு மனுப் போட உதவச் செய்ய வேண்டும். இதையெல்லாம் கண்காணிக்க மாவட்டந்தோறும் ஒரு குழு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். தொகையைப் படிப்படியாகக் கூட்டுவது பற்றி யோசிக்கும்படி மத்திய அரசுக்கும் நீதிமன்றம் சொன்னது.

உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் வரவில்லையா? காத்திருக்க வேண்டாம். நீங்களே மனு கொடுக்கலாம்.

மனு போகிற வழி இதுதான். முதலில் விசாரணை அதிகாரி. தாசில்தார் அல்லது அவருக்கு மேலே கோட்ட அளவில் இருக்கும் வருவாய்த்துறை அதிகாரி இந்தப் பொறுப்பில் இருப்பார். உங்கள் பகுதிக்கு யார் என்று கலெக்டர் ஆபீசில் கேட்டால் தெரிந்துவிடும். திங்கள்கிழமை மனு நாளிலேயே கேட்டுவிடலாம். அவர் விசாரித்து ஒரு மாதத்துக்குள் கலெக்டருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கலெக்டர் 15 நாளில் உத்தரவு போட வேண்டும். பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் அமைப்பான பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் அடுத்த 15 நாளில் நேராக வங்கிக் கணக்கில் பணம் போட வேண்டும். இதில் கோர்ட் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. 'நான் முடித்துத் தருகிறேன், வருவதில் பாதி' என்று யாராவது வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். உதவி வேண்டுமென்றால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

சேர்க்க வேண்டிய தாள்கள்: திட்டத்தின் முதல் படிவத்தில் மனு, எஃப்.ஐ.ஆர். நகல், இறந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, காயம் என்றால் அது கொடுங்காயம் என்று காட்டும் மருத்துவச் சான்று, ஆதார் போன்ற அடையாள, முகவரிச் சான்றுகள், பாஸ்புக் முதல் பக்கம், சிகிச்சை பில். கூடவே ஓர் உறுதிமொழிப் பத்திரம். இறந்தவர் வழக்கில் வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுவது நல்லது. அது தாமதமாகி மற்ற எல்லாம் நிற்பது நம் ஊர்களில் புதிதல்ல.

இந்தத் தாள்களிலேயே கேஸின் உயிர் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறது. புகார் கொடுத்ததும் ஸ்டேஷனில் கையில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. அது புகார் வாங்கியதற்கான சீட்டு மட்டும். பலர் அதையே பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்குங்கள்; வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். 'அடையாளம் தெரியாத வாகனம் மோதியதில்' என்று இருக்க வேண்டும். 'நிலைதடுமாறிக் கீழே விழுந்ததில்' என்று இருந்தால் உங்கள் மனு அந்த வரியிலேயே அடிபட்டுப்போகும். பதற்றத்தில் இருக்கும் உறவினர், "பைக்கிலிருந்து விழுந்துட்டாரு" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவார். அது அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். பிறகு அந்தப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பி ஒன்று சொல்லும், புகார் இன்னொன்று சொல்லும். ஆகவே ஆஸ்பத்திரியில் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது, வண்டி மோதியது என்பதைத்தான். அது தெரியாத வண்டி என்றால் அதையும் சொல்லுங்கள்.

கொடுங்காயம் என்றதும் கை கால் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எலும்பு முறிவு, மூட்டு விலகல், பல் உடைவது, ஒரு கண்ணின் பார்வையோ ஒரு காதின் கேட்கும் திறனோ நிரந்தரமாகப் போவது, முகம் நிரந்தரமாகச் சிதைவது எல்லாமே சட்டத்தின் கணக்கில் கொடுங்காயம்தான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி 15 நாள் கடும் வலியில் கிடந்தாலோ, அன்றாட வேலையைப் பார்க்க முடியாமல் போனாலோ அதுவும் சேரும். கணுக்கால் எலும்பில் கீறல் விட்டு மாவுக்கட்டுப் போட்டவர்கூடத் தாராளமாகக் கேட்கலாம். ஹெல்மெட் போட்டிருந்தாரா என்பது போன்ற நிபந்தனை எதுவும் 161-வது பிரிவில் இல்லை. (இதை ஹெல்மெட் போடாமல் போவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே 2022-ல் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50 ஆயிரம் பேர்.)

சிகிச்சைச் செலவு தனி விஷயம். அதற்கும் இந்த இழப்பீட்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியபோது உச்சவரம்பு 1 லட்சம். பிறகு 2 லட்சமாக உயர்த்தினார்கள். காப்பீட்டு அட்டை வேண்டியதில்லை, ரேஷன் கார்டு வேண்டியதில்லை, வேறு மாநிலத்துக்காரர் என்றாலும் உண்டு. ஆனால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். 108-ல் ஏறும்போதே "48 திட்டத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொல்லிவிடுவது நல்லது. இதுபோக மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குப் பணம் கட்டாத சிகிச்சைக்கு வழி இருக்கிறது.

அடிபட்டவரைத் தூக்கிவிட்டு உதவியவர் பயப்பட வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது. பெயர், முகவரி தரச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அவரே முன்வந்து சாட்சி சொன்னால் உங்கள் கேஸுக்குப் பெரிய பலம்.

வண்டியைக் கண்டுபிடிக்க முயலாமலே 'தெரியாத வாகனம்' என்று மூடிவிடுவதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வண்டி கிடைத்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வயது, வருமானம், குடும்பத்தில் எத்தனை பேர் அவரை நம்பியிருந்தார்கள் என்றெல்லாம் பார்த்துத் தொகை போடுவார்கள். அது 2 லட்சத்தைவிடப் பல மடங்காக இருக்க வாய்ப்புண்டு. உளுந்தூர்பேட்டை போன்ற ஊருக்குப் பக்கத்திலேயே சுங்கச்சாவடி இருக்கிறது. அங்கே கேமராவும் உண்டு, எந்த வண்டி எத்தனை மணிக்குக் கடந்தது என்ற ஃபாஸ்டேக் பதிவும் உண்டு. விபத்து நடந்த நேரத்தைக் குறிப்பிட்டு, அந்தப் பதிவையும் வழியில் இருக்கும் பெட்ரோல் பங்க், டீக்கடை கேமராக்களையும் பார்க்கச் சொல்லிப் புகாரிலேயே எழுதிக் கொடுங்கள். கடைக் கேமராக்களில் பழைய பதிவு சில நாளில் அழிந்துவிடும் என்பதால் இதைக் காரியம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. சாலையில் கிடக்கும் உடைந்த முகப்பு விளக்குத் துண்டு, பெயின்ட் ஒட்டிய சைக்கிள் எதையும் போலீஸ் பார்க்கும் முன் கழுவிவிடாதீர்கள்.

161-ல் பணம் வாங்கிய பிறகு வண்டி பிடிபட்டால் என்ன ஆகும்? தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை போய்விடாது. அங்கே கிடைக்கும் தொகையிலிருந்து ஏற்கெனவே வாங்கியதைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும். மனுவோடு உறுதிமொழி கேட்பதும் இதற்காகத்தான்.

கடைசியாக, வீட்டு பீரோவைத் திறந்து இரண்டு தாள்களைத் தேடுங்கள். இறந்தவர் தன் சொந்த பைக்கை லைசென்ஸோடு ஓட்டிப் போயிருந்தால், அந்த பைக் இன்ஷூரன்ஸில் உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எதிர் வண்டி தெரியாவிட்டாலும் அது உண்டு. இன்னொன்று பாஸ்புக்: வருடத்துக்கு ஒரு முறை 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டமாக இருக்கலாம். விபத்தில் இறந்தால் அதில் 2 லட்சம் கிடைக்கும். 30 நாளுக்குள் வங்கியில் தெரிவிப்பது நல்லது என்பதால் துக்கம் கேட்க வரும் உறவினர்களில் விவரமான ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படைத்துவிடுங்கள்.