ஃபுளோரிடா போக்கர் மேசையில் பந்தய உச்சவரம்பு: சட்டம் வைத்ததும் சட்டமே எடுத்ததும்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், உரிமம் பெற்ற சீட்டாட்ட அறையில் போக்கர் ஆடுவது 1997 முதல் சட்டப்படி செல்லும். ஆனால் எவ்வளவு பந்தயம் கட்டலாம் என்பதை முதல் பதிமூன்று ஆண்டுகள் ஆட்டக்காரரும் தீர்மானிக்கவில்லை, அறையை நடத்தியவரும் தீர்மானிக்கவில்லை. மாநிலச் சட்டத்தின் 849.086 என்ற பிரிவில் தொகை அச்சாகியிருந்தது. அதில் ஒரு டாலரைக் கூட்டவும் தலைநகர் டல்லஹாசிக்குப் போய்ச் சட்டமன்ற உறுப்பினர்களின் மனத்தை மாற்றியாக வேண்டும். 2003, 2007, 2010 என மூன்று முறை அது நடந்தது. மூன்றாம் முறை தொகையே சட்டத்திலிருந்து மறைந்தது. எப்படி நடந்தது, யார் கேட்டதால் நடந்தது என்பது போக்கர் ஆடாதவர்களும் தெரிந்துகொள்ளத் தக்கது. ஒரு விதி தளர்வதற்கும் அந்த விதியால் அவதிப்படுகிறவர்களின் குரலுக்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

முதலில் வைத்த வரம்பு

1996இல் சட்டமன்றம் அனுமதித்தபோது, போக்கர் அறைகளை யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று சொல்லவில்லை. குதிரைப் பந்தயத் திடல், கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயத் திடல், ஹை அலை என்ற பந்தாட்டக் கூடம் ஆகியவற்றை நடத்த ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே அந்த வாய்ப்பு. கூட்டம் குறைந்து நொடிந்துகொண்டிருந்த தொழில்கள் அவை. போக்கர் அவற்றைத் தூக்கி நிறுத்தும் என்பது எதிர்பார்ப்பு. கூடவே, சூதாட்டம் கட்டுமீறிவிடக் கூடாது என்ற அச்சமும் இருந்தது. இரண்டுக்கும் இடையில் பிறந்த விதி இது: ஒரு கையில், அதாவது சீட்டைப் பகிர்ந்து ஆடி முடிக்கும் ஒரு சுற்றில், வெல்லும் தொகை 10 டாலரைத் தாண்டக் கூடாது.

பத்துப் பேர் உட்கார்ந்த மேசையில் ஆளுக்கு ஒரு டாலர் போட்டால் பத்து டாலர் ஆகிவிடும். அதன்பின் பந்தயம் கட்ட இடமே இல்லை. சீட்டைத் திருப்பிப் பார்ப்பதுதான் மிச்சம். அதைப் போக்கர் என்று அழைத்தது தாராள மனம்தான்.

2003இல் இந்த விதி மாறியது. மொத்தத் தொகைக்கு இருந்த வரம்பு போய், ஒரு பந்தயத்துக்கு 2 டாலர் என்ற வரம்பு வந்தது. ஒரு கைக்குள் நடக்கும் ஒவ்வொரு பந்தயச் சுற்றிலும் மூன்று முறைக்கு மேல் தொகையை உயர்த்தவும் கூடாது. மேசை நடுவில் சேரும் பணத்தை ஆட்டக்காரர்கள் ‘பாட்’ என்பார்கள். அந்தப் பாட் இப்போது முப்பது, நாற்பது டாலர் வரை வளர முடிந்தது.

இரண்டு டாலரில் என்ன குறை?

சின்னத் தொகை என்றால் நட்டமும் சிறியதுதானே, ஆடுகிறவர்களுக்கு நல்லதுதானே என்று தோன்றும். சட்டமன்ற உறுப்பினர் ஒருவரும் முதலில் இதைத்தான் கேட்பார். வரம்பைத் தளர்த்தச் சொல்லி அவர் முன் நிற்பவர் கையில் இதற்குப் பதில் இருக்க வேண்டும். பதில் கணக்கில் இருக்கிறது.

பாட்டில் 30 டாலர் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் உருப்படியான சீட்டு ஏதும் இல்லாத ஒருவர், இருப்பதுபோலக் காட்டி எதிராளியை விலகவைக்கப் பார்க்கிறார். இதுதான் ‘பிளஃப்’, போக்கரின் உயிர் இதில் இருக்கிறது. அவரால் வைக்க முடிந்தது 2 டாலர். பாட் 32 ஆகிறது. எதிராளி 2 டாலர் போட்டால் அந்த 32 டாலரை வெல்லும் வாய்ப்பு. பதினேழு முறையில் ஒருமுறை வென்றாலே அவருக்கு நட்டமில்லை. அப்படியிருக்க யார் விலகுவார்? யாரும் விலகாத மேசையில் திறமைக்கு வேலை குறைந்து, சீட்டு வரும் அதிர்ஷ்டமே பெரும்பாலும் முடிவு சொல்லும். சூதாட்டத்தின் தன்மையைக் குறைக்க வைத்த வரம்பு, அந்தத் தன்மையையே கூட்டிவிட்டது.

அறை எடுத்துக்கொள்ளும் கட்டணம் இன்னொரு பக்கம். போக்கரில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் ஆடுகிறார்கள். அறை அவர்களுக்கு எதிராக ஆடுவதில்லை. ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஒரு சிறு தொகையை ‘ரேக்’ என்று எடுத்துக்கொள்கிறது. அது 4 டாலர் என்றால், 30 டாலர் பாட்டில் 13 சதவீதத்துக்கு மேல். 300 டாலர் பாட்டில் அதே 4 டாலர் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. சிறு பந்தய மேசையில் நல்ல ஆட்டக்காரரும் மெல்ல மெல்லத் தோற்றதற்குக் காரணம் எதிரே உட்கார்ந்தவர் அல்ல, ரேக்.

இந்த வாதங்களில் பிழை இல்லை. ஆனால் இவற்றால் மட்டும் சட்டம் மாறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2007இல் பந்தய வரம்பு 5 டாலர் ஆனது. கூடவே ஒரு விசித்திரமான விலக்கும் வந்தது: மேசைக்குக் கொண்டுவரும் தொகை 100 டாலருக்கு மிகாமல் இருந்தால், டெக்சாஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகையைப் பந்தய வரம்பே இல்லாமல் ஆடலாம். பாதுகாப்பு வேண்டுமென்று எழுதிய விதிதான். ஆனால் ஆட்டம் தொடங்கக் கட்டாயமாகப் போட வேண்டிய தொகைகள் 2, 5 டாலர் என்று உள்ள மேசையில் 100 டாலர் என்பது வெறும் இருபது மடங்கு. யோசித்து ஆட அது போதாது. ஒன்றிரண்டு பந்தயச் சுற்றில் முழுத் தொகையையும் தள்ளிவிட வேண்டியதுதான். 5 டாலர் மேசையில் ஒரு மாலை முழுக்க இழக்கக்கூடிய தொகையை இங்கே ஒரே கையில் இழக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து விதி எழுதுகிறவர்களுக்கு இது ஒரு பாடப்புத்தக உதாரணம்.

யாருக்கு ஆதாயம், அவர் வருவார்

டல்லஹாசியில் பேசியவர்கள் யார் என்று பார்த்தால் கதை தெளிவாகிறது. சீட்டாட்ட அறையின் மாத வருவாயில் 10 சதவீதம் மாநிலத்துக்கு வரி. குதிரைப் பந்தயத் திடல்கள் போக்கரில் வந்த நிகர வருவாயில் பாதியைப் பந்தயப் பரிசுத் தொகைக்கும் குதிரை வளர்ப்போருக்கும் தர வேண்டும் என்றும், நாய்ப் பந்தயத் திடல்களும் ஹை அலைக் கூடங்களும் மொத்த வருவாயில் 4 சதவீதம் தர வேண்டும் என்றும் சட்டம் அப்போது சொன்னது. ஆகவே போக்கர் பந்தயம் உயர்ந்தால் குதிரை வளர்ப்பவர் லாயத்துக்கும் பணம் போகும். சீட்டையே தொடாத ஒருவர் போக்கர் வரம்பைப் பற்றித் தம் தொகுதி உறுப்பினரிடம் பேசக் காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்தது செமினோல் பழங்குடியினர். ஃபுளோரிடாவில் அவர்களுக்குச் சொந்தச் சூதாட்டக் கூடங்கள் உண்டு. ஹாலிவுட், டாம்பா நகரங்களில் இருப்பவை பெரியவை. பழங்குடியினரின் சூதாட்டத்துக்கான 1988ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் ஒரு நிபந்தனை வைக்கிறது: போக்கர் போன்ற சீட்டாட்டங்களில், ஆடும் நேரத்துக்கும் பந்தயத்துக்கும் பாட் அளவுக்கும் மாநிலம் வைத்த வரம்பைப் பழங்குடியினரும் பின்பற்ற வேண்டும். ஆக, டல்லஹாசியில் எழுதிய 2 டாலர் விதி அவர்களுடைய மேசையையும் கட்டிப்போட்டது. மற்ற எல்லாவற்றிலும் பந்தயத் திடல்களோடு மோதிய செமினோல் தரப்புக்கு இந்த ஒன்றில் மட்டும் அவர்களோடு ஒரே நலன்.

2007 நவம்பரில் ஆளுநர் சார்லி கிரிஸ்ட், பிளாக்ஜாக் போன்ற ஆட்டங்களைச் செமினோல் கூடங்களில் நடத்த அனுமதித்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஆளுநர் தனியாக இதைச் செய்ய அதிகாரம் இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புதான் திருப்பம். ஒப்பந்தம் செல்ல வேண்டுமானால் சட்டமன்றம் இசைய வேண்டும். சட்டமன்றம் இசைய வேண்டுமானால் பந்தயத் திடல்களையும் சமாதானப்படுத்த வேண்டும். பொருளாதாரச் சரிவில் மாநிலக் கருவூலம் வறண்டிருந்த நேரம் அது. 2010 ஏப்ரலில் முடிவான ஒப்பந்தப்படி, ஐந்தாண்டுகளில் குறைந்தது 100 கோடி டாலர் தருவதாகச் செமினோல் தரப்பு உறுதி கொடுத்தது. பந்தயத் திடல்களுக்கு ஈடாகக் கிடைத்தவற்றில் ஒன்று, போக்கரில் பந்தய வரம்பு நீக்கம். தென் ஃபுளோரிடாவில் ஸ்லாட் இயந்திரங்கள் வைத்திருந்தவர்களுக்கு அவற்றின் வரி 50 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாகக் குறைந்தது. 2010 ஜூலை 1 முதல், ஒரு பந்தயம் எவ்வளவு என்பதை அறை நடத்துபவரே வைத்துக்கொள்ளலாம் என்றானது.

ஊர் இரண்டுபட்டதில் ஆட்டக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அவர்களுடைய பிளஃப் கணக்கு, ரேக் கணக்கு எதையும் யாரும் மறுக்கவில்லை. ஆனால் மசோதாவை நகர்த்தியது வேறு கணக்கு.

கேட்பது எப்படி

சட்டமன்றத்தில் இரு அவைகள். கீழவையில் 120 பேர், மேலவையில் 40 பேர். வழக்கமான கூட்டத்தொடர் ஆண்டுக்கு 60 நாள்தான். ஒரே மசோதாவை இரு அவைகளிலும் ஒவ்வோர் உறுப்பினர் தாக்கல் செய்வது வழக்கம்; பெரும்பாலான மசோதாக்கள் குழுக்களிலேயே மூச்சை விட்டுவிடும். ஆகவே பேச வேண்டிய இடம் குழுக் கூட்டம், நேரம் கூட்டத்தொடருக்கு முந்தைய மாதங்கள். பொதுமக்கள் யாரும் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுக் குழுவின் முன் பேசலாம். தமக்காகப் பேசும் குடிமகன் பதிவு செய்ய வேண்டியதில்லை. பிறருக்காகச் சம்பளம் வாங்கிப் பேசுகிறவர், அதாவது லாபியாளர், பதிவு செய்தாக வேண்டும். லாபி நிறுவனங்கள் வாங்கும் கட்டணத்தை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வெளியிடவும் வேண்டும்.

2006 முதல், பதிவு செய்த லாபியாளர் ஓர் உறுப்பினருக்கு ஒரு கோப்பை காபிகூட வாங்கித் தரக் கூடாது. கண்டிப்பான விதிதான். ஆனால் தேர்தல் நன்கொடைக்கு வழி திறந்தே இருக்கிறது. வேட்பாளருக்கு நேரடியாகத் தருவதற்கு ஒரு தேர்தலுக்கு 1,000 டாலர் என்ற வரம்பு உண்டு; அரசியல் குழுக்களுக்குத் தருவதற்கு வரம்பே இல்லை. காபி ஏன் தடைப்பட்டது என்று சிரிப்பு வரத்தான் செய்யும்.

எதிர்ப்பவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். தேவாலய அமைப்புகள், நோ கசினோஸ் என்ற இயக்கம், சுற்றுலாவை நம்பி இருக்கும் டிஸ்னி ஆகியோர் ஃபுளோரிடாவில் சூதாட்டம் விரிவடைவதை நெடுங்காலமாக எதிர்த்து வருபவர்கள். அவர்கள் சொல்லும் சூதாட்ட அடிமைத்தனம் கற்பனை அல்ல. வரம்பு போனபின் ஒரே இரவில் ஒரு மாதச் சம்பளத்தை இழக்க வழி இருக்கிறது. 10 டாலர் பாட் காலத்தில் அது நடக்கவே முடியாது. தளர்வு கேட்பவர்கள் இதை ஒப்புக்கொண்டு, பிறகு தங்கள் வாதத்தை வைப்பதே நேர்மை.

எல்லா மாநிலத்திலும் வழி இதுவல்ல. கொலராடோவில் 5 டாலர் வரம்பு மாநில அரசியலமைப்பிலேயே இருந்தது. அங்கே சட்டமன்ற உறுப்பினரைப் பிடித்துப் பயனில்லை, வாக்காளர்களிடம்தான் போக வேண்டும். 2008இல் 100 டாலராக உயர்த்தக் கேட்டபோது, கூடுதல் வரி வருவாயில் பெரும்பங்கு சமுதாயக் கல்லூரிகளுக்கு என்று எழுதி வாக்குக் கேட்டார்கள், வென்றார்கள். 2020இல் வரம்பை அடியோடு நீக்கும் அதிகாரம் சூதாட்டம் நடக்கும் மூன்று மலை நகரங்களின் வாக்காளர்களுக்கே போய்விட்டது.

ஃபுளோரிடாவில் இன்னொரு வரம்பு மட்டும் அசையாமல் நிற்கிறது. நண்பர்கள் வீட்டில் கூடி ஆடும் போக்கருக்கான 849.085 பிரிவு. ஒரு கையில் வெல்லும் தொகை 10 டாலரைத் தாண்டக் கூடாது, எல்லாரும் 18 வயது நிறைந்தவர்களாக இருக்க வேண்டும், வீட்டுக்காரர் கட்டணம் வாங்கக் கூடாது, ஆள் சேர்க்க விளம்பரம் செய்யக் கூடாது, தோற்ற கடனை நீதிமன்றத்தில் வசூலிக்க முடியாது. இது 1989இல் வந்த சட்டம். விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியும் அந்தப் பத்து டாலர் ஏறவில்லை. வீட்டு மேசையில் ரேக் இல்லை, வரி இல்லை, குதிரைக்குப் பங்கு இல்லை. அதை உயர்த்தச் சொல்லி டல்லஹாசிக்கு லாபியாளரை அனுப்ப யாருக்கும் காரணமும் இல்லை.