நோட்டீஸை வாங்காவிட்டால் வழக்கு வராதா?

"தபால்காரர் கொண்டுவந்தார் சார், நான் கையெழுத்துப் போட்டு வாங்கவே இல்லை. அப்புறம் எப்படி கேஸ் போட முடியும்?" செக் பவுன்ஸ் வழக்கில் சம்மன் வந்த பிறகு ஆபீஸுக்கு வருபவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. யாரோ தெரிந்தவர் கொடுத்த யோசனையாக இருக்கும்.

மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின்படி, செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் பணம் கேட்டு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால்தான் வழக்கு. இங்கே 'கிடைத்தது' என்றால் கவரைப் பிரித்துப் படித்தது என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. சரியான விலாசத்துக்குத் தபால்தலை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினால், வழக்கமாகச் சேரும் நேரத்தில் சேர்ந்ததாகவே 1897-ஆம் ஆண்டு பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 27-வது பிரிவு கொள்ளச் சொல்கிறது. இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

திரும்பி வந்த கவரின் முகப்பில் தபால்காரர் எழுதிய குறிப்பைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 'வாங்க மறுத்தார்', 'கதவு பூட்டியிருந்தது', 'தகவல் கொடுத்தும் வந்து வாங்கவில்லை' என்று இருந்தால் எதிர்தரப்புக்கு வாதாட இடம் குறைவு. 'அப்படி ஒருவர் இங்கில்லை' என்றிருந்தால் கதை வேறு. விலாசம் சரிதானா என்ற கேள்வி கிளம்பும். நியாயமான கேள்விதான்.

2007-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இன்னொன்றும் சொன்னது. நோட்டீஸ் உண்மையிலேயே வரவில்லையா? சம்மன் கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கட்டிவிட்டு, வழக்கைத் தள்ளச் சொல்லலாம். அதையும் செய்யாதவர், நோட்டீஸ் முறையாகச் சேரவில்லை என்று பின்னர் வாதாட முடியாது. ஏமாற்ற நினைப்பவர் தபாலைத் தவிர்த்தே தப்பிக்கக் கூடாது, நேர்மையானவருக்கு ஒரு வாய்ப்பும் இருக்க வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்த தீர்ப்பு.

செக் திரும்பக் காரணமாக 138 சொல்லும் 'போதிய பணம் இல்லை' என்பதையும் இப்படித்தான் விரித்துப் படிக்கிறார்கள். கணக்கை மூடிவிட்டாலும் (1999), கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பினாலும் (2012) 138 பொருந்தும் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. செக்குக்குப் பணம் தராதே என்று வங்கிக்கு 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்தாலும் வழக்கு வரும். ஆனால் அன்று கணக்கில் பணம் இருந்தது, நிறுத்தியதற்குச் சரியான காரணமும் இருந்தது என்று காட்டிவிட்டால் தப்பிக்க வழியுண்டு.

வழக்குத் தொடுப்பவர் சறுக்குவது தேதிக் கணக்கில். நோட்டீஸுக்கு '30 நாள்' என்கிற சட்டம், புகார் தாக்கல் செய்ய 'ஒரு மாதம்' என்கிறது. மாதம் என்பது 30 நாள் அல்ல, நாட்காட்டி மாதம். ஜூன் 10 அன்று நோட்டீஸ் கிடைத்தால், அந்த நாளை விட்டுவிட்டு எண்ண, 15 நாள் ஜூன் 25-உடன் முடியும். வழக்குக்கான காரணம் 26-இல் பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதம், அதாவது ஜூலை 26 வரை. அவசரப்பட்டு ஜூன் 25-ஆம் தேதியே போட்டால் அது புகாரே ஆகாது என்று 2014-இல் தீர்ப்பு வந்தது. தாமதமானால், போதிய காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். நோட்டீஸுக்கான 30 நாள் தவறினால் அந்தச் சலுகை கிடையாது. அப்போது செக்கின் மூன்று மாத ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, அது திரும்பினால் புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம். இதை 2012-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதனால் செக் திரும்பியதாக வங்கி தரும் மெமோவை வாங்கிய அன்றே அதன் தேதியைக் குறித்துவைத்துவிட்டு, மெமோ, செக், கவர், தபால் ரசீது நான்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வாருங்கள்.