அடியில்லாமல் பிறக்கும் பானை

குயவர் சக்கரத்திலிருந்து பானையை நூலால் அறுத்து எடுத்தார். அப்படியே என் பக்கம் திருப்பிக் காட்டினார். வாய் வழியாகப் பார்த்தால் மறுபக்கம் தரை தெரிந்தது.

"அடி எங்கேங்க ஐயா?" என்று கேட்டேன்.

"அடி சக்கரத்துல வராது தம்பி. தட்டுனாத்தான் வரும்" என்றார்.

சின்ன வயதிலிருந்து பானையில் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான். பானை என்றால் சக்கரத்திலேயே முழுசாக உருவாகி இறங்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குப் போன அன்றுதான் அது தப்பு என்று தெரிந்தது.

தட்சிணசித்ரா ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம். டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இதை உருவாக்கி 1996இல் திறந்தது. வளாகத்தின் வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை இருக்கிறது. தென்னிந்தியாவின் பல ஊர்களில் இடிபடவிருந்த பழைய வீடுகளை வாங்கி, தூண் தூணாக, கதவு கதவாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடும் உண்டு, காஞ்சிபுரத்து நெசவாளர் வீடும் உண்டு. வீட்டை அப்படியே பெயர்த்து வந்து, அதில் தொழிலையும் நடத்திக் காட்டும் இந்த முறைக்கு முன்னோடி ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் 1891இல் ஆர்தர் ஹசேலியஸ் திறந்த ஸ்கான்சென். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பானை அழகாக இருக்கும். அடி எப்படி வந்தது என்று அது சொல்லாது.

சரி, சக்கரத்திலிருந்து தொடங்குவோம். பழைய தமிழில் திகிரி. நம் ஊர்க் குயவரின் சக்கரம் நடுவில் ஒரு முளையின் மேல் நிற்கும். ஆரக்கால்கள் மெலிந்திருக்கும், விளிம்பு மட்டும் தடித்துக் கனமாக இருக்கும். விளிம்பிலுள்ள சிறு குழியில் கோலை ஊன்றி நாலைந்து சுற்று வேகமாகத் தள்ளிவிட்டுக் கோலை எடுத்துவிடுவார்கள். அப்புறம் சக்கரம் தானாகச் சுற்றும். அந்தச் சில நிமிடங்களுக்குள் வேலை முடிய வேண்டும்.

விளிம்பில் ஏன் கனம்? சுழலும் பொருளில் எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் முக்கியம். தூரம் இரட்டித்தால், அந்த எடை தேக்கி வைக்கும் சுழல் ஆற்றல் நான்கு மடங்காகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 கிலோ எடை முழுவதும் 40 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளையத்தில் இருப்பதாகவும், அது நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றுவதாகவும் வைத்துக்கொள்வோம். அதில் இருக்கும் ஆற்றல் சுமார் 350 ஜூல். பன்னிரண்டு லிட்டர் தண்ணீரை மூன்று மீட்டர் உயரத்துக்குத் தூக்க அவ்வளவு ஆற்றல் வேண்டும். அதே எடையை, அதே அளவில் சீரான தட்டாகச் செய்தால் இதில் பாதிதான் தேங்கும். குயவரின் விரல்கள் மண்ணை அழுத்தும்போதெல்லாம் சக்கரம் இந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவு செய்கிறது.

அடுத்தது மண். ஏரி வண்டலில் இருக்கும் களித்துகள்கள் பெரும்பாலும் 2 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை, மெல்லிய தகடு போன்றவை. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒட்டிப் பாருங்கள்: பக்கவாட்டில் வழுக்கும், பிரிக்கப் பார்த்தால் விடாது. களிமண்ணுக்குள் கோடிக்கணக்கான தகடுகள் இதையே செய்கின்றன. அதனால்தான் அழுத்தினால் வளைகிறது, கையை எடுத்தால் வளைந்தபடியே நிற்கிறது. தண்ணீர் குறைந்தால் வெடிக்கும், கூடினால் சரியும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த நிலையைப் 'பதம்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். பாகுக்கும் இதே சொல்தான், மண்ணுக்கும் இதே சொல்தான்.

சக்கரத்தில் ஏறும் மண் மிகவும் இளகிய பதத்தில் இருக்கும். அந்தப் பதத்தில் வாய், கழுத்து, தோள் எல்லாம் அருமையாக வரும். உருண்டையான மெல்லிய அடி வராது. தட்டையான சக்கரத்தின்மேல் உருண்டை அடி உட்காராது. மேலே இருக்கும் பாரத்தைத் தாங்கக் கீழ்ச்சுவரும் தடித்தே இருக்க வேண்டும். ஆகவே குயவர் அடியை இப்போதைக்கு விட்டுவிடுகிறார். அதற்கு வேண்டிய மண்ணை மட்டும் கீழ்ச்சுவரில் தடிப்பாக வைத்து அறுத்து எடுக்கிறார். அடிக்கான மண் பானையிலேயே இருக்கிறது, இன்னும் விரியவில்லை, அவ்வளவுதான்.

"கொஞ்சம் இறுகட்டும், நீங்க ஒரு சுத்து சுத்திட்டு வாங்க" என்று அனுப்பி வைத்தார். நெசவாளர் வீட்டுக்குப் போனேன். குழித்தறியில் நெய்பவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். காலுக்கு இடம் கொடுக்கத்தான் குழி. ஆனால் பருத்தி நெய்பவர்களுக்கு அதில் இன்னொரு லாபம் உண்டு. ஈரம் ஏறினால் பருத்தி நூலின் வலு கூடும்; மண்தரையை ஒட்டி விரிந்திருக்கும் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், எளிதில் அறாது. பட்டு இதற்கு நேர்மாறு, நனைந்தால் வலு குறையும். காஞ்சிபுரத்தில் விடியற்காலையில் பாவைத் தெருவிலேயே நீள விரித்துச் சீராக்குவார்கள். அந்தத் தெருவும் தறியின் ஒரு பாகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. குயவர் வீட்டு நிழலான திண்ணையும் அப்படித்தான். வெயிலில் வைத்தால் பானையின் வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்பக்கம் ஈரமாகவே இருக்கும், நடுவில் விரிசல் விழும். நிழலில் மெதுவாக உலர்ந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து சுருங்கும். தொழிலை வீட்டோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

திரும்பி வந்தபோது, காலையில் செய்து வைத்த பானை ஒன்று பதத்துக்கு வந்திருந்தது. அதை மடியில் கிடத்தினார். இடக்கையில் உருண்டையான ஒரு கல், வலக்கையில் மரப்பலகை. இரண்டிலும் மண் ஒட்டாமலிருக்கச் சாம்பல். கல்லைப் பானைக்குள் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்ட வைத்தார். வெளியே, சரியாக அதே இடத்தில், பலகையால் தட்டினார். பானையைக் கொஞ்சம் திருப்பினார், கல்லும் நகர்ந்தது, மறுபடி தட்டு. உள்ளே கல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. சத்தத்தை வைத்துத்தான் பிடிக்கிறார். கல் நேராக இருந்தால் 'டக்' என்று கனமாக விழும். கொஞ்சம் தப்பினாலும் தொளதொளவென்று கேட்கும்.

கல்லுக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிய மண் என்ன செய்யும்? அதன் கன அளவு மாறாது. எனவே மெலிந்து பக்கவாட்டில் பரவும். 12 மில்லிமீட்டர் சுவர் 4 மில்லிமீட்டராக மெலிந்தால் அதன் பரப்பு மூன்று மடங்காகும். பரவும் மண்ணைக் குயவர் கீழ்நோக்கி ஓட்டிக்கொண்டே போகிறார். ஓட்டை சுருங்கி, சுருங்கி, கடைசியில் மூடிவிடுகிறது. அந்த நேரத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தட்டுவதால் இன்னொரு வேலையும் நடக்கிறது. தகடுத் துகள்கள் சுவருக்கு இணையாகப் படிகின்றன, இடையிலிருந்த காற்று வெளியேறுகிறது, சுவர் இறுகுகிறது. கூடுமானவரை மெல்லியதாகவும் உறுதியாகவும் பானை கிடைப்பது இந்தத் தட்டலில்தான்.

உருண்டை அடிக்காக ஏன் இவ்வளவு பாடு? அடுப்பில் வைத்துப் பார்த்தால் புரியும். தட்டையான அடியும் நிமிர்ந்த சுவரும் சேரும் மூலையில் சூடு சீராகப் பரவாது. அடி முதலில் விரியும், சுவர் பின்தங்கும், இழுபறி முழுவதும் அந்த மூலையில் வந்து குவியும். விரிசல் அங்கேதான் தொடங்கும். உருண்டையில் மூலை இல்லை. மூன்று கல் அடுப்பில் தீயும் அடியைத் தழுவிக்கொண்டு மேலேறும். தரையில் நிற்காது என்ற ஒரே குறைக்கு நம் வீடுகளில் பிரிமணை இருந்தது, பானையை உட்கார வைக்கும் வளையம்.

சூளையில் நடப்பது மெதுவான வேலை. முதலில் மிச்ச ஈரம் போக வேண்டும். தண்ணீர் நீராவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். தீ சட்டென்று ஏறினால் பானை வெடித்துச் சிதறும். சுமார் 450 முதல் 600 டிகிரிக்குள், துகளுக்குள்ளேயே வேதிப்பிணைப்பில் இருந்த நீரும் வெளியேறுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பானையைத் தண்ணீரில் எவ்வளவு நாள் ஊறப்போட்டாலும் மீண்டும் களிமண்ணாகாது. 573 டிகிரியில் மண்ணில் கலந்த மணலின் படிக அமைப்பு மாறி அதன் அளவும் மாறுகிறது. அதனால்தான் ஆறும்போதும் அவசரப்படக் கூடாது. காற்று தாராளமாகக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும், காற்றை அடைத்துப் புகையை விட்டால் பானை கறுக்கும். ஆதிச்சநல்லூர், கொடுமணல், கீழடி அகழாய்வுகளில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளின் நிறத்துக்கும் அடிப்படை இந்தக் காற்றுக் கணக்குதான்.

நம் பானைகளின் சூடு பீங்கானின் சூட்டை எட்டுவதில்லை. அதனால் சுவரில் நுண்துளைகள் மிஞ்சுகின்றன. கசிந்து வெளியே வரும் ஒவ்வொரு கிராம் தண்ணீரும் ஆவியாக சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பத்து லிட்டர் பானையில் 100 மில்லி ஆவியாகி, அந்த வெப்பம் முழுதும் உள்ளிருக்கும் தண்ணீரிலிருந்தே போனால் கிட்டத்தட்ட 6 டிகிரி குறையும். வெளிக்காற்றிலிருந்தும் வெப்பம் வருவதால் நடைமுறையில் கொஞ்சம் குறைவுதான். காற்று காய்ந்திருக்கும் ஊரில் நன்றாகக் குளிரும், கடற்கரை ஊரின் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. பழைய பானை குளிர்ச்சி குறைவதற்கு, தண்ணீரிலுள்ள உப்புகள் துளைகளை அடைப்பது ஒரு காரணம்.

கிளம்பும்போது ஒரு பானை வாங்கினேன். குயவர் அதை விரல் முட்டியால் சுண்டி, என் காதருகே பிடித்தார். கணீரென்றது. விரிசல் இருந்தால் அதிர்வு அந்த இடத்திலேயே அடங்கிவிடும், சத்தம் மழுங்கும்.

வீட்டுக்கு வந்து உள்ளே கைவிட்டுத் தடவினேன். கழுத்தருகில் விரல் நுனிக்குச் சன்னமான வட்ட வரிகள் தட்டுப்பட்டன, அது சக்கரம். வயிற்றுக்குக் கீழே வரிகள் மறைந்து, ஆழமில்லாத சின்னச் சின்னக் குழிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அடிவரை போயின. ஒவ்வொன்றும் அந்தக் கல் ஒருமுறை நின்ற இடம். உங்கள் வீட்டுப் பானையிலும் கைவிட்டுப் பாருங்கள்.