கிணற்றுக் கயிறும் முன்கையும்

முழங்கைக்குச் சற்றுக் கீழே, முன்கையின் உட்பக்கத்தை மற்றக் கையால் பற்றிக்கொண்டு விரல்களைப் பொத்தி விரியுங்கள். தோலுக்கடியில் தசை புரள்வது தெரியும். விரல்களை இறுக மடக்கும் தசைகள் இங்கேதான் இருக்கின்றன. அவை நீண்ட தசைநாண்களாக மெலிந்து, மணிக்கட்டின் ஒடுங்கிய வழியால் நுழைந்து விரல் எலும்புகளைப் பற்றுகின்றன. அந்த வழியில் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. கப்பிக் கிணறு போலத்தான்: இழுப்பவர் ஓரிடம், வாளி வேறிடம்.

வன்னியில் கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வலிமை கேளாமலே வந்தது. இப்போது பல வளவுகளில் மோட்டர் இறைக்கிறது. முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைவலைக் கயிறு இழுப்பவர்களைப் போலப் பிடி வேண்டுமென்று விரும்பும் இளைஞர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கம்பியிலோ கிளையிலோ தொங்கி, கைகளால் உடலை மேலே இழுத்து எழும் பயிற்சியில், எத்தனை முறை எழுந்தீர்கள் என்பதைவிட, எதைப் பிடித்து எழுந்தீர்கள் என்பது முன்கைக்கு முக்கியம்.

60 கிலோ எடையுள்ளவர் இரு கைகளாலும் தொங்கும்போது ஒவ்வொரு கையும் 30 கிலோவைத் தாங்குகிறது. ஓர் அங்குல இரும்புக் குழாயென்றால் விரல்கள் கொளுக்கியாக வளைந்துகொள்ளும், பெருவிரல் மேலே பூட்டிக்கொள்ளும். குழாய்க்குப் பதிலாக மணிக்கட்டை விடப் பருத்த வேப்பங்கிளையைப் பிடித்தால் அந்தப் பூட்டு விழாது. விரல்கள் பாதி விரிந்த நிலையிலேயே எடையைத் தாங்கவேண்டும். அந்த நிலையில் மடக்கும் தசைகளால் முழு விசையையும் தர முடியாது. உள்ளங்கையை முகத்தை நோக்கித் திருப்பிப் பிடித்தால் மேற்கைத் தசை கூடுதலாக உதவும். பிடிக்கு அதனால் பெரிய மாற்றமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது துவாய். கிளையின் மேலால் போட்டு, தொங்கும் இரு முனைகளையும் கைக்கொன்றாகப் பிடித்து எழவேண்டும். குழாயில் விரல்கள் மேலே உட்கார ஒரு வளைவு இருக்கிறது. செங்குத்தாகத் தொங்கும் துணியில் அப்படி எதுவுமில்லை; உராய்வு மட்டுமே உங்களைத் தாங்குகிறது. உராய்வோ எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்களோ அவ்வளவுதான். பிடி சற்றுத் தளர்ந்தாலும் கை வழுக்கும். கிணற்றுக் கயிறு கேட்டதும் இதே இறுக்கத்தைத்தான். ஆனால் கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுத்தோம். இறுகிய தசை தன் இரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. கை மாறும் கணத்தில் இரத்தம் மீண்டும் பாயும். தொங்கும்போது அந்த இடைவெளி கிடைப்பதில்லை. வாளி வாளியாக அள்ளிய கைகூட அரை நிமிடத்தில் எரியத் தொடங்குவது, எடை கூடியதாலும் இதனாலும்தான்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். மணிக்கட்டை முழுதாக உட்புறம் மடக்கிக்கொண்டு கையைப் பொத்துங்கள். இறுகாது. மடக்கும் தசை ஏற்கெனவே சுருங்கிவிட்டதால் மேலும் இழுக்க இடமில்லை. ஆகவே இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும், புறங்கைப் பக்கத் தசைகள் மணிக்கட்டைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து நிறுத்துகின்றன. துவாயில் தொங்கிய மறுநாள் முன்கையின் வெளிப்பக்கமும் நோவது அதனால்தான்.

முதல் சில வாரங்களில் வலிமை வேகமாகக் கூடும். தசை இன்னும் பருத்திராது. இருக்கும் இழைகளில் கூடுதலானவற்றை நரம்புகள் வேலைக்கு அழைக்கின்றன. இரத்த ஓட்டம் குறைந்த தசைநாண்கள் உறுதிப்பட மாதங்கள் எடுக்கும். இந்த இடைவெளியில்தான் பலர் காயப்படுகிறார்கள். முதலில் குழாயில் 20 விநாடி சும்மா தொங்குங்கள். வாரத்தில் இரண்டு நாள் போதும். அது இலகுவான பின் பருத்த கிளை, அதற்குப் பிறகே துவாய். முழங்கையின் உட்பக்க எலும்பருகே குத்தினால் அன்றே இறங்கி, நோவு போகும்வரை ஓய்வு கொடுத்து, மீண்டும் குழாயிலிருந்து தொடங்குங்கள்.