சம்மன் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாத வழக்குகள்

2024 பொங்கல் முடிந்த அடுத்த வாரம், நீடாமங்கலம் பக்கத்தில் நவீன அரிசி ஆலை நடத்தும் ஒருவர் கும்பகோணத்தில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் காகிதக் கட்டு எதுவும் இல்லை. செல்பேசியை மட்டும் நீட்டினார். “சிங்கப்பூர்லேருந்து ஒரு மெயில் வந்திருக்கு சார். நவம்பர் கடைசியில வந்தது. கோர்ட் சீல் கிடையாது, அமீனா யாரும் கொண்டாரல. சம்மன் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்” என்றார். அதற்கு முன்பே அவர் வேறொரு வழக்கறிஞரிடம் அந்த மின்னஞ்சலைக் காட்டியிருக்கிறார். அவர் சொன்ன ஆலோசனையும் அதேதான். அவரை நான் குறை சொல்லவில்லை. சம்மன் சார்வு ஆகாமல், அதாவது உரியவர் கையில் சேராமல், காலக்கெடு ஓடாது என்ற உரிமையியல் நீதிமன்றப் பழக்கத்தில் வளர்ந்த நம்மில் பெரும்பாலோர் அதைத்தான் சொல்லியிருப்போம். (கட்சிக்காரரின் அடையாளம் தெரியாதபடி இங்கே சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்த மின்னஞ்சல், சிங்கப்பூர் பன்னாட்டு நடுவர் மையத்தின் விதிகளின்படி எதிர்த்தரப்பு அனுப்பிய ஆர்பிட்ரேஷன் அறிவிப்பு; அதாவது, தகராறை நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒப்பந்தப்படி ஒரு நடுவர் தீர்க்கும் முறை தொடங்குகிறது என்ற அறிவிப்பு. அது கிடைத்த 14 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது அந்த மையத்தின் அப்போதைய விதி. லண்டன் மையத்தில் 28 நாட்கள். பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வணிகச் சபையில் 30 நாட்கள். நம் ஊரில் எதிர்வழக்குரைக்கு 30 நாட்கள் தந்து, 90 வரை நீட்டித்து, வணிக வழக்கானால் 120 வரை போகலாம் என்ற கணக்கு மனத்தில் ஊறிப்போனவருக்கு 14 நாட்கள் என்பது ஒரு வாய்தாவுக்குக்கூடப் போதாத அவகாசம். ஆலைக்காரரின் கையில் ஐம்பது நாட்களுக்கு மேல் கடந்துவிட்டிருந்தன. தாமதத்துக்கு விளக்கம் எழுதிக் கேட்ட பிறகு எங்கள் பதில் ஏற்கப்பட்டது. ஆனால், அதற்குள் தனி நடுவரை மையமே நியமித்துவிட்டது. தன் வழக்கை யார் கேட்க வேண்டும் என்று சொல்ல ஒரு கட்சிக்காரருக்கு இருக்கும் வாய்ப்பு, ஒரு மின்னஞ்சலைத் திறந்து படித்துச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் போயிற்று.

இப்படி வெளிநாட்டில் நடக்கும் ஆர்பிட்ரேஷனுக்கான பயிற்சி சென்னையிலும் டெல்லியிலும் இருக்கும் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களின் கவலை என்று நினைப்பது தவறு. டெல்டாவிலிருந்து புழுங்கலரிசி போகிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமிருந்து கயிறும் தென்னை நாரும் போகின்றன. நாகை, வேதாரண்யம் கரையிலிருந்து இறால் போகிறது. சுவாமிமலையிலிருந்து, தொன்மைப் பொருள் அல்ல என்று தொல்லியல் துறையின் சான்று வாங்கிக்கொண்டு, செப்புத் திருமேனிகள் கப்பல் ஏறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. பெரும்பாலும் அதன் கடைசிப் பக்கத்தில் தகராறு பற்றிய பத்தி இருக்கிறது. தகராறு வந்தால் அந்த வியாபாரி முதலில் தேடி வருவது மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ தன் நிலப் பிரச்சினையைப் பார்த்துக் கொடுத்த வக்கீலைத்தான். முதல் சில நாட்களில் அந்த வக்கீல் சொல்லும் வார்த்தையில் வழக்கின் பாதி தீர்ந்துவிடுகிறது. ஆகவே பயிற்சி அவருக்குத்தான் முதலில் தேவை.

அந்த வழக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே எந்தப் பயிற்சி இல்லை என்பதை அதுதான் காட்டியது. 2023 ஜூலை தொடக்கத்தில் ஆலைக்காரர் சிங்கப்பூர் வணிக நிறுவனம் ஒன்றுக்கு, 5 சதவீத நொய் கொண்ட புழுங்கலரிசியை, நிலையான விலைக்கு, எஃப்ஓபி தூத்துக்குடி (அந்தத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரை விற்பவர் பொறுப்பு) என்ற நிபந்தனையில் விற்க ஒப்புக்கொண்டார். ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்திய அரசு தடை செய்தது. ஆகஸ்ட் 25 அன்று புழுங்கலரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி விதித்தது. இரண்டும் அவர் மனத்தில் ஒன்றாகக் கலந்து, ‘அரசாங்கமே நிறுத்திவிட்டது, ஒப்பந்தம் முடிந்தது’ என்று முடிவு செய்து, சரக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

முதல் நாள் எனக்கும், நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்னும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுதான் நினைவுக்கு வந்தது. நாஃபெட் எதிர் அலிமென்டா வழக்கில், அரசின் அனுமதி கிடைக்காமல் நின்றுபோன நிலக்கடலை ஏற்றுமதிக்காக வெளிநாட்டில் தரப்பட்ட நடுவர் தீர்ப்பை இங்கே நிறைவேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அந்தத் தீர்ப்பின் சுருக்கமான தலைக்குறிப்பை மட்டும் படித்தால் நம் வழக்கு போலவே தோன்றும். ஆனால் ஏற்றுமதியைத் தடுத்த அரசாணை வேறு, ஏற்றுமதியின் செலவைக் கூட்டிய அரசாணை வேறு. புழுங்கலரிசிக்குத் தடை இல்லை, வரி மட்டுமே. அந்த வரியை யார் தலையில் வைப்பது என்பதற்கு எஃப்ஓபி என்ற மூன்றெழுத்திலேயே பதில் இருந்தது. இத்தகைய விற்பனைச் சொற்களுக்குப் பொருள் வகுக்கும் இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளின்படி எஃப்ஓபி விற்பனையில் ஏற்றுமதி அனுமதியும் அதற்கான வரியும் விற்பவருடைய பொறுப்பு. மேலும், ஒப்பந்தத்துக்குப் பொருந்துவது சிங்கப்பூர்ச் சட்டம் என்று எழுதியிருந்ததால் 56-ஆம் பிரிவு வாசலுக்குள்ளேயே வரவில்லை. இதையெல்லாம் கண்டுகொள்ள எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. பயிற்சி பெற்ற ஒருவர் முதல் வாசிப்பிலேயே கண்டிருப்பார்.

அதைவிட எனக்கு வலித்தது சாட்சியின் வாக்குமூலத்தில் நான் செய்த தவறு. நமது நீதிமன்றங்களில் நிரூபண வாக்குமூலம் என்பது வழக்குரையை அப்படியே மறுபடி தட்டச்சு செய்து, ‘நான்’ என்று மாற்றி, கையொப்பம் வாங்குவது என்றாகிவிட்டது. நானும் அப்படியே எழுதினேன். விசாரணை காணொலியில் நடந்தது, மொழிபெயர்ப்பாளர் இருந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பன்னிரண்டாம் பத்தியைப் படித்துக் காட்டி, “ஒப்பந்தத்தின் அடித்தளமே தகர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறதே, இவை உங்கள் சொற்களா?” என்று கேட்டார். ஆலைக்காரர் நேர்மையான மனிதர். “அது வக்கீல் சார் எழுதினது” என்றார். அதற்கு மேல் அந்தப் பத்தியைப் பற்றி எதிர்த்தரப்பு கேள்வி கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அவர் தன் வாயால் சொல்லக்கூடியவை எவ்வளவோ இருந்தன. ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போகாமல் எத்தனை லோடு அரைத்து வைத்தார், வரி அறிவிப்பு வந்த இரவு யாரிடமெல்லாம் பேசினார், வாங்குபவரின் முத்திரை அச்சிட்ட சாக்குகளில் இரண்டு கன்டெய்னருக்கு வேண்டிய அரிசியை ஏற்கெனவே மூட்டை பிடித்துவிட்டார் என்பவை எல்லாம் அவருக்குத் தேதிவாரியாகத் தெரியும். அந்தச் சாக்குகள் அவருடைய கிடங்கில் அன்றும் அடுக்கியே இருந்தன. ஒப்பந்தத்தை நிறைவேற்றவே அவர் முனைந்திருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. என் வாக்குமூலத்தில் சாக்கு பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தக் களத்தில் சாட்சியின் எழுத்து வாக்குமூலமே முதல் விசாரணை. அதில் இல்லாததை விசாரணை நாளில் சேர்ப்பது கடினம். நடுவர்கள் பரவலாக வழிகாட்டியாகக் கொள்ளும் பன்னாட்டு வழக்கறிஞர் சங்கத்தின் சாட்சிய விதிகள், சாட்சி சொல்லும் விவரங்கள் அவருக்கு எப்படித் தெரியவந்தன என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கின்றன. நாம் பழகியிருப்பதோ, ‘எதிர்த்தரப்பின் கூற்று பொய்யானது, உண்மைக்கு மாறானது, மறுக்கப்படுகிறது’ என்ற தொடர்.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வரி விதிப்புக்கு இரண்டு நாள் கழித்து, வாங்குபவரின் சார்பில் பேசிய சென்னைத் தரகர், பழைய விலைக்கே அனுப்பிவிடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். ஆலைக்காரர் “சரிண்ணே, பாத்துக்கலாம்” என்று பதில் அனுப்பினார். எதிர்த்தரப்பு தாக்கல் செய்த மொழிபெயர்ப்பில் அது ‘ஒப்புக்கொள்கிறேன், கவனித்துக்கொள்கிறேன்’ என்ற பொருளில் இருந்தது. தஞ்சைப் பக்கத்தில் ‘பாத்துக்கலாம்’ என்றால் பல சமயம் ‘இப்போது முடிவு சொல்ல மாட்டேன்’ என்றுதான் பொருள் என்பதை ஒரு வெளிநாட்டு நடுவருக்கு எடுத்துக்காட்ட, தகுதி பெற்ற மாற்று மொழிபெயர்ப்பும், அதே இருவரும் முன்பு அதே சொல்லைப் பயன்படுத்திய செய்திகளும் தேவைப்பட்டன. இதை உரிய நேரத்தில் செய்தோம். அந்த ஒரு விஷயத்தில் நடுவர் எங்கள் பக்கம் நின்றார். டெல்டா மொழியைக் கேட்டு வளர்ந்த வக்கீலால் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது.

அந்த வழக்குக்குப் பிறகு, சனிக்கிழமை மாலைகளில் என் அலுவலக மாடியில் எட்டுப் பேர் கூடிப் பயிற்சி செய்கிறோம். சொற்பொழிவு கிடையாது. கற்பனையான ஒரு தகராறின் ஆவணங்களை அச்சிட்டு வைத்துக்கொண்டு எழுதுகிறோம். ஒப்பந்தப் பத்தியைப் படித்து, சீட் (ஆர்பிட்ரேஷனின் சட்டப்படியான இடம்) எது, எந்த மையத்தின் விதி, எத்தனை நடுவர்கள், எந்த மொழி, எந்த நாட்டுச் சட்டம் என்று ஐந்து கட்டங்களை நிரப்புவது முதல் வேலை. எளிதாகத் தோன்றும், ஆனால் ‘இதர நிபந்தனைகள் கேஃப்டா (லண்டனில் உள்ள தானிய வணிகர் சங்கம்) படிவப்படி’ என்ற ஒரே வரி, தானிய வணிகத்தில் தகராறை லண்டனுக்குக் கொண்டுபோய்விடும் என்பதையும், தரம் பற்றிய புகாருக்கு அங்கே நாட்கணக்கில்தான் அவகாசம் என்பதையும் பலர் முதன்முறையாக அங்கேதான் அறிந்தார்கள். சீட் வெளிநாட்டில் இருந்தால், உள்ளூர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்டு வழக்குப் போடுவது, தரப்புகளை ஆர்பிட்ரேஷனுக்கே அனுப்பச் சொல்லும் 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் முட்டி நிற்கும். அதற்குள் அங்கே காலக்கெடு ஓடிவிடும்.

ஆவணம் கேட்கும் பயிற்சிக்கு ரெட்ஃபெர்ன் அட்டவணையை எடுத்துக்கொள்கிறோம். எந்த ஆவணம் வேண்டும், அது எந்தப் பிரச்சினைக்கு ஏன் முக்கியம், எதிர்த்தரப்பின் ஆட்சேபம் என்ன, நடுவரின் முடிவு என்ன என்ற நான்கு கட்டங்கள். ‘இது தொடர்பான எல்லா ஆவணங்களும்’ என்று எழுதினால் அந்தக் கோரிக்கை தள்ளுபடி ஆகும். குறுக்கு விசாரணையில் நம் மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர்களுக்கு இருக்கும் கூர்மையை நான் எங்கும் குறைத்து மதிக்க மாட்டேன். அது பெரிய சொத்து. பழக வேண்டியது நேரக் கட்டுப்பாடு. இரு தரப்புக்கும் இத்தனை மணி நேரம் என்று சதுரங்கக் கடிகாரம் போலப் பங்கிட்டுவிடுவார்கள். ஒரு சாட்சியை மூன்று வாய்தாவுக்கு இழுக்க முடியாது. மேசைமேல் செல்பேசியை வைத்து 25 நிமிடம் அலாரம் வைக்கிறோம். முதல் சில வாரங்களில் யாரும் முக்கியமான கேள்விக்கு வந்து சேரவில்லை.

வியன்னாவில் ஆண்டுதோறும் சட்ட மாணவர்களுக்கு நடக்கும் விஸ் மாதிரி நடுவர் போட்டியில் ஒவ்வோர் அணியும் கோருபவருக்கு ஒன்று, எதிர்ப்பவருக்கு ஒன்று என இரண்டு எழுத்துரைகள் தர வேண்டும். அந்த முறையை நாங்களும் எடுத்துக்கொண்டோம். ஒரு வாரம் விற்பவருக்காக எழுதியவர் அடுத்த வாரம் வாங்குபவருக்காக எழுதுகிறார். பவுண்டில் கட்டணம் கட்டிச் சான்றிதழ் படிப்பு படிப்பவர்கள் படிக்கட்டும், அதிலும் பயன் உண்டு; ஆனால் எழுதிப் பார்க்காத சான்றிதழ் முதல் வழக்கிலேயே கைவிடும் என்பது என் கருத்து. நாம் அங்கே தோன்ற முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சிங்கப்பூரில் நடக்கும் ஆர்பிட்ரேஷனில் வெளிநாட்டு வழக்கறிஞர்கள் தோன்ற அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே தடை வேறெங்கும் இல்லை, தயாரிப்பில்தான் இருக்கிறது.

தீர்ப்பு வந்த பிறகு பார்க்கலாம் என்பதும் ஆபத்தான எண்ணம். ஒரு நாட்டில் தந்த நடுவர் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்ற வழி செய்யும் நியூயார்க் உடன்படிக்கை 1958-இல் வந்தது. இந்தியா 1960-இல் ஏற்புறுதி செய்தது. இன்று 170-க்கு மேற்பட்ட நாடுகள் அதில் இருந்தாலும், இந்திய அரசிதழில் அறிவிக்கப்பட்ட நாடுகளின் தீர்ப்புகளே இங்கே அந்த வழியில் நிறைவேறும். சிங்கப்பூர் அதில் உண்டு. மனு போகும் இடம் உயர் நீதிமன்றம். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்துக்காரர்கள் சென்னைக்கும் போக வேண்டியிருக்கும். அதே 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48-ஆம் பிரிவின் கீழ் அங்கே எழுப்பக்கூடிய ஆட்சேபங்கள் குறுகியவை. வழக்கின் தகுதியை மறுபடி விசாரிக்கச் சொல்ல முடியாது. விஜய் கரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் இதை அழுத்தமாகவே சொன்னது. நிறைவேற்ற மனுச் செய்ய எதிர்த்தரப்புக்கு மூன்று ஆண்டுகள் இருக்கின்றன என்பதும் அதே ஆண்டு வேதாந்தா வழக்கில் தெளிவானது. ஒரு வருடம் சத்தமில்லை என்பதால் விட்டுவிட்டார்கள் என்று கட்சிக்காரரிடம் சொல்லிவிடக் கூடாது.

ஆலைக்காரருக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. கோரிய தொகையில் ஒரு பகுதியை நடுவர் குறைத்தார். செலவுத் தொகை தனியாகச் சேர்ந்தது. உயர் நீதிமன்றம் வரை போகாமல், தவணை பேசி முடித்துக்கொண்டார். இப்போது அவர் கையொப்பம் போடும் முன்பே ஒப்பந்த வரைவை அனுப்பிவிடுகிறார். என் ஜூனியர் அந்த ஐந்து கட்டத் தாளை நிரப்புகிறார். சென்ற மாதம் வந்த வரைவில் நான்கு கட்டங்கள் நிரம்பின. எந்த நாட்டுச் சட்டம் என்ற கட்டம் மட்டும் காலியாக நின்றது, ஏனென்றால் ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஜூனியர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, “இன்னைக்குக் கையெழுத்துப் போடாதீங்கண்ணே, அவங்ககிட்ட ஒரு வரி சேர்க்கச் சொல்லணும்” என்றார். கையொப்பம் ஒரு நாள் தள்ளிப்போனது.