ஹெக்சேன் 30 லிட்டர் வரை லைசென்ஸ் வேண்டாம். ஆனால் எந்தப் பாட்டிலில்?

வேப்பங்கொட்டையில் எண்ணெய்ச் சத்து எவ்வளவு என்று பார்க்கவும் மூலிகைச் சாரம் எடுக்கவும் கல்லூரி ஆய்வகங்களில் ஹெக்சேன், பெட்ரோலியம் ஈதர் என்ற கரைப்பான்கள் தாராளமாகப் புழங்குகின்றன. சட்டத்தின் கண்ணில் இவை பெட்ரோலுக்குச் சமம். திரவ ஹைட்ரோகார்பன் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த பொருள்) எதுவானாலும், அது கலந்த எரியும் கலவையானாலும், 1934ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி பெட்ரோலியம்தான். அதில் பிளாஷ் பாயிண்ட் (நெருப்பு காட்டினால் பற்றும் அளவுக்குத் திரவம் ஆவியாகும் மிகக் குறைந்த வெப்பநிலை) 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ளவை ‘ஏ’ வகுப்பு. ஹெக்சேனுக்கு அது சுமார் மைனஸ் 22, இன்னொரு கரைப்பானான டொலுயீனுக்கு 4. பெட்ரோலியம் ஈதர் பெயரில்தான் ஈதர், உண்மையில் ஹைட்ரோகார்பன் கலவை. அதனால் அதுவும் இதே கணக்கில் வரும்.

இந்தச் சட்டத்தின் 8ஆவது பிரிவு ஒரு சலுகை தருகிறது. விற்பனைக்கு அல்லாத ஏ வகுப்புச் சரக்கு ஒருவர் வசம் மொத்தம் 30 லிட்டரைத் தாண்டாதவரை லைசென்ஸ் தேவையில்லை. ‘மொத்தம்’ என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஹெக்சேன் 30, டொலுயீன் 30 என்று தனித்தனியாக எண்ணக் கூடாது. வேதியியல் துறையில் 18, உயிர்வேதியியலில் 15 என்றால் நிர்வாகத்தின் வசம் 33 என்று கணக்கு வைப்பதே நல்லது. தாண்டினால் 2002ஆம் ஆண்டு பெட்ரோலிய விதிகளின்படி லைசென்ஸ் வாங்க வேண்டும்.

அதே பிரிவின் அடுத்த வரியை யாரும் படிப்பதில்லை. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கும் சரக்கு இறுக மூடிய கலத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி, பீங்கான் கலம் என்றால் 1 லிட்டர், உலோகக் கலம் என்றால் 25 லிட்டர்தான் உச்சம். கடையில் சர்வசாதாரணமாக வரும் 2.5 லிட்டர் கண்ணாடிப் பாட்டில் இங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆர்டர் போடும்போதே 500 மில்லி அல்லது 1 லிட்டர் என்று எழுதிவிடுங்கள். காரணம் இல்லாத விதி அல்ல இது. பெரிய பாட்டில் கை நழுவினால் அத்தனையும் தரையில். ஹெக்சேன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து அடுத்த மேசை பர்னரையோ, சாதாரண ஃபிரிட்ஜின் ரிலேயையோ (பொறி விடும் தானியங்கி சுவிட்ச்) தேடிப் போகும். காற்றில் 1 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தாலே பற்றிவிடும்.

அசிட்டோன், எத்தனால், மெத்தனால் ஹைட்ரோகார்பன் அல்ல, அதனால் இந்த 30 லிட்டர் கணக்கில் சேராது. ஆனால் 1952ஆம் ஆண்டு எரியும் பொருள்கள் சட்டம் அவற்றை ஆபத்தானவை என்று அறிவித்திருக்கிறது. எத்தனாலுக்கும் மெத்தனாலுக்கும் தமிழ்நாட்டில் மதுவிலக்கு விதிகளின் கீழ் உரிமமும் வேண்டும்.

அளவும் பாட்டிலும் சரியாக இருந்தாலும் தீப்பிடிப்பது பெரும்பாலும் சாக்ஸ்லெட் (கரைப்பானைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்துத் திரும்பத் திரும்பப் பொருள்மேல் விழச் செய்து எண்ணெய் எடுக்கும் கண்ணாடிக் கருவி) மேசையில்தான். ஹாட் பிளேட்டின் மேற்பரப்பு 300 டிகிரியைத் தாண்டலாம். ஹெக்சேன் பொறியே இல்லாமல் 225 வாக்கில் தானாகப் பற்றும். அது கொதிப்பதோ 69 டிகிரியில். மூடிய வெப்பச்சுருள் கொண்ட வாட்டர் பாத் 85 டிகிரியில் இருந்தால் போதும். எக்ஸ்ட்ராக்டர் (பொருள் வைக்கும் நடுப்பகுதி) ஒரு முறை நிரம்பி வடியும் அளவைப் போல ஒன்றரை மடங்கு கரைப்பான் பிளாஸ்க்கில் வேண்டும். குறைந்தால் அடி காய்ந்து எண்ணெய் கருகும். சூடேறிய கண்ணாடியில் எக்ஸ்ட்ராக்டரில் நிரம்பிய கரைப்பான் அடுத்த முறை சைஃபன் குழாய் வழியே வந்து கொட்டும்போது விரிசல் விடும். சீராகக் கொதிக்க உதவும் கொதிகற்களைக் குளிர்ந்த நிலையிலேயே போட வேண்டும். சூட்டில் போட்டால் பொங்கி வெளியே தெறிக்கும்.

கரண்ட் போய்த் திரும்புவது இன்னொரு வம்பு. ஹீட்டர் தானாகச் சூடேறத் தொடங்கும், ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சருக்குத் தண்ணீர் தரும் மோட்டாரை யாராவது போட்டால்தான் உண்டு. அதுவரை ஆவி மேல்வாயால் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆளில்லாமல் இரவு முழுக்க ஓடவிடக் கூடாது. வாடை வந்தால் மேசைப் பக்கத்து சுவிட்சைத் தட்டாதீர்கள், அதிலேயே பொறி வரும். அறைக்கு வெளியே உள்ள மெயினை அணையுங்கள்.

25 லிட்டர் டின்னிலிருந்து ஊற்றும்போது டின்னையும் வாங்கும் உலோகக் கலத்தையும் கிளிப் கம்பியால் இணைத்து எர்த் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் மக்கில் பிடித்தால் நிலைமின்சாரம் தேங்கும்.

வடித்து மீட்ட ஹெக்சேனும், கழிவு டின்னில் கிடப்பதும் அந்த 30 லிட்டருக்குள்தான். இருப்புப் பதிவேட்டில் இரண்டுக்கும் தனிப் பத்தி போட்டு வாரம் ஒரு முறை கூட்டிப் பாருங்கள்.