சுட்டவருக்கே தெரியாது

1940 செப்டம்பர் 15 அன்று இங்கிலாந்து வானில் நடந்த சண்டையில் 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்திவிட்டோம் என்று பிரிட்டன் அறிவித்தது. போர் முடிந்து ஜெர்மானியர்களின் சொந்த இழப்புப் பதிவேடுகளைப் புரட்டியபோது கிடைத்த எண் ஏறக்குறைய 60. மூன்று மடங்கு ஊதிய கணக்கு. பிரச்சாரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம்தான். ஆனால் அந்த எண், தரையிறங்கிய விமானிகள் தங்கள் படைத்தளத்தில் சொன்னதைக் கூட்டி வந்தது. அவர்களில் பெரும்பாலானோர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

சிக்கலே அந்தக் கண்ணில்தான். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டே இரண்டு மூன்று வினாடி சுடுகிறீர்கள், எதிரி கரும்புகை விட்டபடி தலைகுப்புற மேகத்துக்குள் போய்விடுகிறான். விழுந்தானா? அந்தக் கால ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட்டின் விமானிகள் தப்பிக்கச் செய்ததே அதுதான்: எஞ்சினை முழு விசைக்குத் தள்ளிவிட்டுச் செங்குத்தாக இறங்குவார்கள், அப்போது எஞ்சின் கரும்புகை கக்கும். பின்னாலேயே போய்ப் பார்க்கலாமே என்றால், அப்படிப் போகிறவனை இன்னொருவன் சுட்டுவிடுவான். போதாததற்கு ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டிருப்பார்கள், ஒருவரை ஒருவர் கவனித்திருக்கவே மாட்டார்கள், மூவரும் நேர்மையாக ஆளுக்கொன்று கணக்கு எழுதுவார்கள். அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்களின் கதை இன்னும் மோசம். ஒவ்வொன்றிலும் பத்துக்கும் மேற்பட்ட இயந்திரத் துப்பாக்கிகள், பல விமானங்கள் நெருக்கமாகச் சேர்ந்து பறக்கும், நடுவே ஒரு ஜெர்மன் விமானம் புகுந்து போனால் இருபது முப்பது பேர் ஒரே நேரத்தில் அதைச் சுடுவார்கள். அது உண்மையிலேயே விழுந்தால் எத்தனை பேர் தன்னுடையது என்று சொல்லியிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

சரி, இப்போதுதான் ரேடார் இருக்கிறதே என்பீர்கள். இன்றைய விமானி பல நேரம் எதிரியைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. ஏவுகணை போனது, திரையில் புள்ளி மறைந்தது, அவ்வளவுதான். ஆனால் புள்ளி மறைய விமானம் விழுந்துதான் ஆகவேண்டும் என்றில்லை. பூமி உருண்டை என்பதால், தரை மட்டத்தில் நிற்கும் ரேடாருக்கு 300 கிலோமீட்டர் தொலைவில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே இருப்பது எதுவும் தெரியாது, தொடுவானத்துக்கு அடியில் போய்விடும். கண்காணிப்பு விமானத்தில் பறக்கும் ரேடாருக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அதற்கும் மலை மறைக்கும். இன்னொன்று டாப்ளர் விளைவு. வானிலிருந்து கீழே பார்க்கும் ரேடாருக்குத் தரையிலிருந்து ஏகப்பட்ட எதிரொலி வரும், அதை ஒதுக்குவதற்காகத் தன்னை நோக்கி வருகிற அல்லது தன்னைவிட்டு விலகுகிற பொருள்களை மட்டும் அது பிரித்து எடுக்கும். விமானம் ரேடாருக்குச் சரியாகக் குறுக்கே திரும்பிவிட்டால் நெருங்குவதும் இல்லை விலகுவதும் இல்லை, தரையோடு தரையாக அதுவும் வடிகட்டப்பட்டுவிடும். ஏவுகணை எச்சரிக்கை வந்ததும் விமானி செய்வதும் இந்த இரண்டும்தான், கீழே பாய்வது, குறுக்கே திரும்புவது. உயிர் பிழைக்கச் செய்வது திரையில் சாவு மாதிரியே தெரியும்.

அதனால் நான் முதலில் கேட்பது எத்தனை விமானம் என்று அல்ல, எங்கே விழுந்தது என்று. பத்துப் பதினைந்து டன் உலோகம் விழுந்தால் பள்ளம் இருக்கும், எஞ்சின் இருக்கும் (அது பெரும்பாலும் முழுசாக எரிந்து போகாது), விமானியை வெளியே தூக்கி எறியும் எஜெக்‌ஷன் இருக்கை இருக்கும், வால் எண் (ஒவ்வொரு விமானத்துக்கும் உரிய அடையாள எண்) எழுதிய ஒரு தகடாவது மிஞ்சும். கடலிலோ எதிரியின் மண்ணிலோ விழுந்திருந்தால் காட்ட முடியாது, அது நியாயம். ஆனால் தன் மண்ணிலேயே விழுந்தது என்று சொல்பவர் காட்டாமல் இருந்தால், அந்த மௌனத்தை நான் சான்றாகவே எடுத்துக்கொள்வேன். கொசோவோ போரில், 1999 மார்ச் 27 அன்று செர்பியர்கள் அமெரிக்காவின் எஃப்-117 ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார்கள், ரேடாரில் சிக்காது என்று பெருமையாகச் சொல்லப்பட்ட விமானம். அதன் சிதைவுகளை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது, அமெரிக்காவும் ஒப்புக்கொண்டது, துண்டுகள் பெல்கிரேடு விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதே போரில் டஜன் கணக்கில் நேட்டோ விமானங்களை வீழ்த்தியதாகவும் அவர்கள் சொன்னார்கள். சண்டையில் இழந்ததாக நேட்டோ ஒப்புக்கொண்ட விமானி ஓட்டிய விமானங்கள் இரண்டுதான், இந்த எஃப்-117, ஒரு எஃப்-16. மற்றவை விழுந்திருந்தால் அவையும் அருங்காட்சியகத்துக்கு வந்திருக்குமே.

துண்டு கிடைத்தாலும் அது எதைச் சொல்கிறது என்று பார்க்கவேண்டும். வயலில் கிடக்கும் நீளமான உலோக உருளையைச் சிதைவு என்று பகிர்வார்கள், பார்த்தால் பறக்கும்போதே கழற்றி விடும் கூடுதல் எரிபொருள் டேங்க். 2019 பிப்ரவரி 27 அன்று நடந்த இந்தியா-பாகிஸ்தான் விமானச் சண்டையில் ஒரு எஃப்-16-ஐ வீழ்த்தியதாக இந்தியா சொன்னது, மறுநாள் அம்ராம் ஏவுகணையின் துண்டுகளைக் காட்டியது; பாகிஸ்தானிடம் அதைச் சுமப்பது எஃப்-16 மட்டும்தான். அது வலுவான சான்றுதான், ஆனால் பாகிஸ்தான் எஃப்-16 பயன்படுத்தியது என்பதற்கு. எஃப்-16 ஒன்று விழுந்தது என்பதற்கு அது சான்றாகாது. அதற்காக ஏப்ரலில் ரேடார் படங்களை வெளியிட்டார்கள், ஒரு புள்ளி மறைவதைக் காட்டி. புள்ளி மறைவதைப் பற்றித்தான் மேலே பார்த்தோம். பாகிஸ்தான் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? இரண்டு இந்திய விமானங்களை வீழ்த்தினோம், இரண்டு விமானிகள் பிடிபட்டார்கள் என்று ஆரம்பித்தார்கள். அன்றே விமானி ஒருவர்தான் என்று மாற்றிக்கொண்டார்கள். அந்த இரண்டில் ஒன்று சுகோய்-30 என்றார்கள், அதன் சிதைவு வரவே இல்லை. பிடிபட்ட விமானி அபிநந்தன் நம் ஊர்க்காரர் என்ற பாசத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அன்று இரண்டு பக்கமும் மறுக்காமல் நிற்பது அவர் ஓட்டிய மிக்-21 மட்டும்தான். அதே நாளில் காஷ்மீரின் புட்காமில் விழுந்த எம்ஐ-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியது நம் ஏவுகணைதான் என்று அக்டோபரில் விமானப்படைத் தளபதியே சொன்னார். இழந்தவர் வாயிலிருந்து, அதுவும் தனக்குச் சங்கடமாக வரும் சொல்லுக்கு எடை அதிகம்.

இணையத்தில் சுற்றும் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரஷ்ய விமானங்களைத் தனியாளாக வீழ்த்திய உக்ரைன் விமானி என்று 2022-ல் பரவிய 'கீவின் பேய்' வீடியோ ஒரு கணினி விளையாட்டு. அப்படி ஒரு விமானி இல்லை, அது மக்கள் உருவாக்கிய கதை என்று உக்ரைன் விமானப்படையே பிறகு சொல்லிவிட்டது. 2025 மே மாதம் சுற்றிய ஒரு படம் 2021-ல் பஞ்சாபின் மோகாவில் விழுந்த மிக்-21-உடையது. பழைய படமா என்று தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடந்த அந்த மே மாதச் சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். வீழ்த்திய இந்திய விமானங்கள் ஐந்து என்று பாகிஸ்தான் முதலில் சொன்னது, பிறகு ஆறு என்றது. மே 31 அன்று சிங்கப்பூரில் முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் இழப்பு உண்டு என்றார், ஆறு என்பது தவறு என்றார், எத்தனை என்று சொல்லவில்லை. ஆகஸ்டில் இந்திய விமானப்படைத் தளபதி, நாங்கள் ஐந்து போர் விமானங்களையும் பெரிய விமானம் ஒன்றையும் வீழ்த்தினோம், அந்தப் பெரிய விமானத்தைச் சுமார் 300 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அடித்தோம் என்றார், பாகிஸ்தான் மறுத்தது. இந்த வரிகளில் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது 'இழப்பு உண்டு' என்ற ஒன்றை மட்டும். மற்ற எண்களுக்கு, இரண்டு பக்கத்திலும், வால் எண் வரட்டும்.